மூலைமட்டமும் செங்கோணமும்: ஒரு வரலாற்று நோக்கு

தச்சர், கொத்தர் ஆகியோர் கையாளும் கருவிகளுள் மூலைமட்டம் மிக எளியது. இரு சட்டங்களைச் செங்கோணமாகப் பொருத்தினால் அது உருவாகிவிடும். ஆயின், அச்சட்டங்கள் செங்கோணமாகவே பொருந்தியுள்ளன என்பதை ஒருவன் எவ்வாறு அறிவான்? வேறொரு மூலைமட்டத்தோடு ஒப்பிட்டு அறிவான் எனின், அதனை எதனோடு ஒப்பிட்டனர் என்ற வினா மீண்டும் எழும். இவ்வினாவுக்குக் கணித வரலாற்று நூல்கள் வழக்கமாகக் கூறிவந்த விடை ஏற்புடையதுதானா என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

பழைய மூலைமட்டங்களுள் நன்கறியப்பட்ட ஒன்று எகிப்திலே கிடைத்தது. 1886ஆம் ஆண்டில், தேர் எல் மதீனா என்னுமிடத்தில், செந்நெஜெம் என்பானின் கல்லறை திறக்கப்பட்டது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அரச கல்லறைகளை அமைத்த கைவினைஞருள் இவனும் ஒருவன். இவனோடு புதைக்கப்பட்ட பொருள்களுள் மரத்தாலான மூலைமட்டம் ஒன்றும், தூக்குக்குண்டு தொங்கவிடப்பட்ட இரு மட்டக்கருவிகளும் இருந்தன. அவ்விரண்டனுள் ஒன்று, இரு சம கால்கள் உச்சியிற் செங்கோணமாகக் கூடி, குறுக்குச் சட்டத்தின் நடுவே அடையாளம் இடப்பட்டதாகும். உச்சியிலிருந்து தொங்கும் நூல் அவ்வடையாளத்தில் விழுந்தால் தளம் கிடையானது என அறியலாம். மறுமைக்கும் உடன் கொண்டுசெல்லத்தக்க உடைமைகளாக அவன் இவற்றை மதித்தான் போலும்.

இக்கருவிகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது கீசாவிலுள்ள பெரும் பிரமிட்டு. 1925ஆம் ஆண்டில் ஜே. எச். கோல் வெளியிட்ட அளவீட்டின்படி, அதன் அடிப்பக்கம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 230 மீற்றர் நீளமுடையது. நான்கு மூலைகளுள் மிகுதியாகப் பிழைத்த தென்கிழக்கு மூலையும் செங்கோணத்தினின்று 4 கலைக்குக் குறைவாகவே விலகியுள்ளது. இத்துணைத் திருத்தம் எவ்வாறு கைகூடிற்று?

பன்னிரண்டு சம பகுதிகளாக முடிச்சிட்ட கயிற்றை 3, 4, 5 எனும் பக்கங்களையுடைய முக்கோணமாக இழுத்துப் பிடித்து எகிப்தியர் செங்கோணம் அமைத்தனர் என்பதே பாடநூல்கள் பலவும் கூறும் விடை. இது 19ஆம் நூற்றாண்டில் செருமானிய வரலாற்றாசிரியர் மோரிட்ஸ் கான்டர் முன்வைத்த ஊகமேயன்றி வேறன்று. எகிப்தியர் கயிறு கொண்டு நிலமளந்தனர் என்பது மெய்யே. 6, 8, 10 ஆகிய எண்களின் வர்க்கத் தொடர்பும் பெர்லின் பப்பிரசுச் சுவடியில் வரும் ஒரு கணக்கால் அவர்கட்குத் தெரிந்திருந்தமை புலனாகின்றது. ஆயினும் அக்கணக்கிலே முக்கோணம் பற்றிய பேச்சே இல்லை. ஊகம் பலராலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு உண்மையின் தகுதியைப் பெற்றுவிட்டது.

இம்முறைக்குத் தெளிவான சான்று வேறிடங்களில் உண்டு. வேள்விப் பீடங்களை அமைக்கும் விதிகளைக் கூறும் ஆபஸ்தம்ப சுல்ப சூத்திரம், 3, 4, 5 உட்பட இத்தகைய எண்களைக் கொண்டு கயிற்றாற் செங்கோணம் அமைக்கும் வழியைக் கூறுகின்றது. கி.மு. 1ஆம் நூற்றாண்டின் உரோமக் கட்டடக் கலைஞர் விற்றுருவியஸ், 3, 4, 5 அடி நீளமான மூன்று கோல்களால் மூலைமட்டம் செய்யலாம் என்று கூறி, அதன் பெருமையைப் பைதகரசுக்கு அளிக்கின்றார். தச்சர் அரிதின் முயன்று செய்யும் மூலைமட்டமும் திருத்தமாக அமைவதில்லை என்பது அவர் கருத்து. அறிஞர் கைவினைஞரைத் தாழ்த்தி மதிப்பிடும் போக்கு இங்கும் தலைகாட்டுகின்றது.

உண்மையில், தச்சனுக்கு எண்கள் வேண்டியதில்லை. நேரான விளிம்புடைய பலகையொன்றில் மூலைமட்டத்தின் தடித்த சட்டத்தை அணைத்து ஒரு கோடு கீறுவான். பின்னர் அதனைப் புரட்டி, அதே புள்ளியினின்றும் மறுகோடு கீறுவான். இரண்டும் ஒன்றியிருப்பின் மட்டம் செவ்விது. விலகின், அவற்றின் இடைவெளி பிழையின் இருமடங்காகும். பிழை தன்னைத் தானே பெருக்கிக் காட்டுதலால் அதனைத் திருத்துவதும் எளிதாகின்றது. பிறிதோர் அளவுகோலை நாடாமலே திருத்தம் காணும் இவ்வழி முன்னெழுந்த வினாவுக்கு நேரான விடையாகும்.

இதனோடு யூக்கிளிட்டின் வரைவிலக்கணத்தை ஒப்புநோக்குக. ஒரு நேர்கோட்டின்மீது நிற்கும் மற்றொரு நேர்கோடு தன் இருபுறமும் சமமான கோணங்களை ஆக்குமாயின், அவை செங்கோணங்கள் என்கின்றார் அவர். இங்குப் பாகையும் இல்லை, எண்ணும் இல்லை. மூலைமட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் செயலே சொல்வடிவம் பெற்றுள்ளது. பட்டறை வழக்கினின்றே இவ்வரைவிலக்கணம் பிறந்தது என நிறுவ ஆவணமில்லையாயினும், கயிற்று முடிச்சுக் கதையினும் இது பொருத்தமுடையதென்றே தோன்றுகின்றது. கிரேக்கக் கணிதர் மூலைமட்ட வடிவினதான உருவத்தை 'நோமோன்' என்றனர். அச்சொல் தச்சரின் மூலைமட்டத்தையும் குறித்தது. இலத்தீனில் மூலைமட்டத்துக்குரிய 'நோர்மா' என்ற சொல் ஒழுங்குவிதி என்ற பொருளையும் பெற்றது. சீனத்திலும் கவராயமும் மூலைமட்டமும் சேர்ந்த 'குய்-சூ' என்னும் தொடர் ஒழுங்கு என்றே பொருள்படும்.

பிற்காலத்தில் வகைகள் பெருகின. மரப்பிடியில் உருக்குத் தகடு பொருத்திய தச்சு மட்டம், கூரைச் சாய்வைக் குறிக்க உதவும் பெரிய உருக்கு மட்டம், வரைபடத்துக்குரிய முக்கோண மட்டம் என்பன அவற்றுட் சில. 1879ஆம் ஆண்டில் அமெரிக்கரான லெரோய் ஸ்ராரெற், அளவுகோலின்மீது நகர்ந்து பூட்டப்படும் தலையையுடைய கூட்டுமட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். பொறித் தொழிற்கூடங்களில் மட்டங்களைச் சரிபார்க்க உருளை வடிவான உருக்குக் கட்டை பயன்படுகின்றது. அதன் அடித்தளம் அச்சுக்குச் செங்குத்தாகத் தீட்டப்பட்டிருக்கும். அங்கும் அக்கட்டையைச் சுழற்றி வைத்து, இருபுறமும் ஒளி ஒரே அளவாகப் புகுகின்றதா என்றே நோக்குகின்றனர்.