ரத்தான காப்பீடுகள் குறித்த விவாதம் (அமெரிக்கா, 2013)

அதிபர் பராக் ஒபாமா 2010 மார்ச் 23 அன்று கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தையொட்டி எழுந்த சர்ச்சை. இருக்கும் காப்பீடு பிடித்திருந்தால் அதையே தொடரலாம் என்று ஒபாமா பலமுறை வாக்களித்திருந்தார். ஆனால் 2013 இலையுதிர்காலத்தில், வேலை தரும் நிறுவனம் வழியாக அல்லாமல் தாமே பாலிசி எடுத்திருந்த லட்சக்கணக்கானோருக்கு ரத்துக் கடிதம் வந்தது. சட்டம் கையெழுத்தான நாளில் நடப்பில் இருந்து, அதன்பின் பெரிதாக மாறாத பாலிசிகளுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. தனிநபருக்கான மற்றவை 2014 முதல் பேறுகாலம், மனநலச் சிகிச்சை, மருந்துச் செலவு உள்ளிட்ட பத்து வகைப் பயன்களைத் தந்தாக வேண்டும். அப்படித் தராததால் ரத்தானவற்றில் பல, பெரிய நோய் வந்தால் கைவிடக்கூடிய அரைகுறைக் காப்பீடுகள் என்பது உண்மை. ஆயினும் வாக்குத் தவறிய குறையை அது போக்காது. அக்டோபர் 1-இல் தொடங்கிய அரசின் பதிவுத் தளமும் திணறியதால், பழையது கைவிட்டுப்போக, புதியதை வாங்கவும் வழியின்றிப் பலர் தவித்தனர். நவம்பர் 7-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். ஒரு வாரத்தில், பழைய பாலிசிகளை மேலும் ஓராண்டு நீட்டிக்க அனுமதித்தார். இறுதி முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. வாஷிங்டன் மாநிலம் நீட்டிக்க மறுத்துவிட்டது.