கவனிப்பாரற்ற பாத்தியின் வரலாறு

முற்றமும் சிறிது மண்ணும் உள்ள வீடுகளில் பெரும்பாலும் கவனிப்பாரற்ற பாத்தி ஒன்று இருக்கக் காண்கிறோம். குடிவந்த ஆண்டில் ஆவலோடு கொத்திச் சீர்செய்த இடம் அது. ரோஜாப் பதியன்கள் வந்தன; நாள்தோறும் நீர் வார்க்கப்பட்டது. பின்னர் அலுவல் மிகுந்தது. கோடையில் தண்ணீர் குறைந்தது. ரோஜா காய்ந்தது, கோரையும் அறுகும் குடியேறின. அதிகக் கவனிப்பை வேண்டாத செடிகளால் அவ்விடத்தை நிரப்பலாமே என்று நாம் எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் நமக்கு முன்னும் பலருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் இந்நாட்டில் நன்மையும் விளைந்தது, பெருந்தீங்கும் விளைந்தது. இரண்டையும் அறிந்த பின் மண்வெட்டியைக் கையில் எடுப்பது நலம்.

1526ஆம் ஆண்டு பானிபட்டில் வெற்றி பெற்று ஆக்ராவை அடைந்த பாபருக்கு அந்நிலம் மனநிறைவு அளிக்கவில்லை. வெப்பமும் புழுதியும் அவரை வருத்தின. தோட்டங்களில் ஓடும் நீர் இல்லையே என்று குறைப்பட்டார். யமுனைக் கரையில் கிணறு தோண்டி, வாய்க்கால் வகுத்து, ஒழுங்குற அமைந்த பாத்திகளுடன் தோட்டங்களை உண்டாக்கினார். எனினும் இந்நாட்டுப் பூக்களை அவர் புறக்கணித்தார் அல்லர். துருக்கி மொழியில் எழுதிய தம் வாழ்க்கைக் குறிப்பில் செம்பருத்தி, அரளி, தாழை, மல்லிகை ஆகியவற்றை விவரித்துள்ளார். 1528இல் குவாலியருக்குச் சென்றபோது அங்கொரு தோட்டத்தில் செவ்வரளியின் நிறங்கண்டு மகிழ்ந்து, அதனை ஆக்ராவுக்குக் கொணர்ந்து தம் தோட்டங்களில் நடச்செய்தார்.

அவர் அழகை நாடி எடுத்த செடி, உறுதியிலும் சிறந்ததாக அமைந்தது. வாய்க்கால் பாயும் தோட்டம் ஆளும் மாடும் இன்றி நிலைபெறாது. அரளியோ தானே நிற்கும். அதன் இலை தடித்துத் தோல் போன்றது. இலையின் அடிப்புறத்தில் உள்ள நுண்துளைகள் சிறு குழிகளுக்குள் மயிரிழைகளால் மறைந்துள்ளன. ஆகவே உள்ளிருக்கும் நீர் எளிதில் ஆவியாகிப் போவதில்லை. அதன் சாறு நஞ்சாதலின் ஆடுமாடுகள் அதனைத் தீண்டுவதில்லை. இன்று நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில், வெயிலிலும் புகையிலும் அரளி பூத்து நிற்பதற்கு இவையே காரணம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதே நஞ்சு அச்சத்திற்குரியது என்பதையும் மறத்தலாகாது.

கவனிப்பு என்பதன் அளவை நமக்குக் கற்பிக்கும் பாத்தி ஒன்று நம் நாட்டு முற்றங்களில் முன்பே உள்ளது; அதுவே துளசி மாடம். மராட்டிய நாட்டில் அதனைப் பிருந்தாவனம் என்பர். வங்கத்தார் துளசி மஞ்சம் என்பர். பெயர் வேறாயினும் முறை ஒன்றே. நாளுக்கு ஒரு செம்பு நீர். உதிர்ந்த விதையிலிருந்து மீண்டும் ஒரு நாற்று. மிகுந்த உழைப்பு அங்கே இல்லை. ஆயினும் அப்பாத்தியை நாள்தோறும் ஒருவர் பார்க்கிறார். உழைப்பு குறையலாம், பார்வை குறையலாகாது என்பது அம்மாடம் தரும் பாடம்.

நம் முற்றத்துச் செடிகளில் பல கடல்கடந்து வந்தவை என்று கேட்பின் நேயர்கள் வியப்புறலாம். திருமணப் பந்தலிலும் கோயில் வாயிலிலும் தொங்கும் செண்டுமல்லி மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. மாலையில் மலரும் அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்துப் பூ. கல்வாழையும் அமெரிக்க வெப்பநிலங்களிலிருந்து வந்ததே. 1753இல் அதற்கு அறிவியற் பெயரிட்ட லின்னேயஸ் இந்தியாவைக் குறிக்கும் சொல்லை அதில் சேர்த்துவிட்டார். அந்த ‘இந்தியா’ மேற்கிந்தியத் தீவுகளே அன்றி நம் நாடன்று. கொலம்பஸுக்குப் பின் அமெரிக்கக் கண்டத்தோடு உண்டான கடல்வழித் தொடர்பே இவை கிழக்கே வர வழி திறந்தது. வந்தவை தங்கின, உள்நாட்டுப் பெயர் பெற்றன, வழிபாட்டிலும் இடம் பெற்றன.

இவற்றுள் நித்தியகல்யாணியின் கதை தனிச்சிறப்புடையது. மடகாஸ்கர் தீவில் தோன்றிய இச்செடி, நீர் வார்ப்பார் இல்லாத இடத்திலும் ஆண்டு முழுவதும் பூப்பது. சுடுகாட்டு மல்லி என்று நம்மவர் அதற்கு இட்ட பெயரே இதற்குச் சான்று. 1950களில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் நோபிள், பீர் என்னும் இருவர், நீரிழிவுக்கு மருந்தாகுமோ என்று இதனைச் சோதித்தனர். அதற்கு அது உதவவில்லை. ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்களை அது குறைப்பதைக் கண்டனர். அதன்வழிப் பிறந்த மருந்துகள் புற்றுநோய்க்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு, இன்றும் பயன்படுகின்றன. எவரும் பொருட்படுத்தாத செடியை இழிவாக எண்ணலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, தீங்கின் பக்கத்தை நோக்குவோம். 1787ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவருள் ஒருவரான ராபர்ட் கைடு என்பவரின் முயற்சியால், கல்கத்தாவுக்கு எதிரே ஹூக்ளி ஆற்றின் மேற்கரையில் தாவரத் தோட்டம் ஒன்று அமைந்தது. பஞ்சத்தைப் போக்கும் உணவுப் பயிர்களையும் வாணிகத்திற்குரிய செடிகளையும் பரப்புவது அதன் நோக்கம். நோக்கம் நல்லது, பயனும் பெரிது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தோட்டத்திற்கு அழகுச் செடியாக ஒன்று வந்து சேர்ந்தது. அதுவே உண்ணிச்செடி. ஒரே கொத்தில் பல வண்ணப் பூக்கள்; நீர் வேண்டா, எரு வேண்டா; ஆடுமாடு மேயா; வெட்டினாலும் தழைக்கும். வேலிக்கு இதனினும் ஏற்றது உண்டோ என்று மக்கள் விரும்பி நட்டனர்.

வேலியோடு அது நிற்கவில்லை. அதன் கருநிறப் பழங்களைப் பறவைகள் உண்டு விதைகளைக் காடெங்கும் பரப்பின. இன்று பண்டிப்பூர், முதுமலைக் காடுகளில் புல் முளைக்க வேண்டிய நிலத்தை உண்ணிப்புதர் மறைத்து நிற்கிறது; மானும் யானையும் மேயும் இடம் சுருங்குகிறது. மாதேசுவரன் மலையில் வாழும் சோலிகர், மூங்கிலுக்கு மாற்றாக அதன் தண்டைக் கொண்டு நாற்காலிகளும் கூடைகளும் செய்து வருகின்றனர். தீமையிலிருந்து சிறிது நன்மை காணும் முயற்சி அது. எனினும் புதர் குறைந்தபாடில்லை.

நீரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அழகிய ஊதாப் பூவிற்காகக் குளங்களில் விடப்பட்ட தென் அமெரிக்க ஆகாயத்தாமரை, 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வங்கத்தின் ஆறுகளையும் கால்வாய்களையும் அடைத்தது. படகுகள் நின்றன, நெல்வயல்கள் அழிந்தன. 1921இல் ஜகதீச சந்திர போஸ் தலைமையில் குழு ஒன்று அமைந்து ஆராய்ந்தது; 1936இல் அதனை ஒழிப்பதற்கென்றே வங்கத்தில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்திற்கு மனிதர் அடங்குவர், செடி அடங்கவில்லை. ஒரு குளத்தின் அழகுக்காகச் செய்த செயலின் விலையை எங்கோ இருந்த உழவர் கொடுத்தனர்.

ஆகவே, குறைந்த கவனிப்பை வேண்டும் செடி வேறு. எக்கவனிப்புக்கும் கட்டுப்படாத செடி வேறு. முன்னது நண்பன், பின்னது ஆக்கிரமிப்பாளன். புதிய செடி ஒன்றை நடுமுன் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: ஓராண்டு நாம் மறந்திருந்தால் அது பாத்திக்குள் நிற்குமா? அதன் விதையைப் பறவையோ ஓடும் நீரோ சுவருக்கு அப்பால் கொண்டுசெல்லுமா?

இவ்வினாக்களோடு பாத்திக்கு வருவோம். முதலில் கோரையைக் கிழங்கோடு கிளறி எடுக்க வேண்டும். மேலே அறுத்தால் பத்து நாளில் மீளும். பின்வரிசையில் செம்பருத்தி, குழந்தைகளும் கால்நடைகளும் இல்லாத வீடாயின் அரளி. துணி துவைக்கும் நீர் வடியும் மூலையில் கல்வாழை. நடுவே அந்திமந்தாரை, உதிர்ந்த மிளகு போன்ற விதைகளிலிருந்து மிகுதியாக முளைக்கும் நாற்றுகளை மட்டும் பிடுங்கிவிட வேண்டும். முன்வரிசையில் நித்தியகல்யாணி. நடுவதற்கு மழையின் தொடக்கமே ஏற்றது: வடநாட்டில் ஆனி, ஆடி; தமிழ்நாட்டில் புரட்டாசி, ஐப்பசி. இடைவெளிகளைச் சருகால் மூடினால் ஈரம் நிற்கும்; களை குறையும். முதலாண்டு மட்டும் தவறாது நீர் வார்க்க வேண்டும். வேர் ஆழச் சென்றபின் கோடையில் இடையிடையே வார்த்தால் போதும்.

எனினும் வாரம் ஒருமுறை அப்பக்கம் சென்று நின்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடலாகாது. பாத்தி நம் வீட்டினுடையது. அதிலிருந்து புறப்படும் விதையோ ஊருக்கெல்லாம் உரியது.