பட்டியலை யார் எழுதுவது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஒரு அசட்டுத்தனத்தோட ஆரம்பிக்கிறேன். வேற யாரோடதும் இல்ல, என்னோடதுதான்.

போன வருஷம் எங்க ஆபீஸ்ல 'வாலண்டியர் டே'. காலையில ஒரு வேன், எல்லாருக்கும் ஒரே கலர் டி-ஷர்ட், பெயிண்ட் டப்பா, பிரஷ், ஒரு புரொஜெக்டர். திருவள்ளூர், திருத்தணி தாண்டி ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு அரசுப் பள்ளி. எந்தப் பள்ளி, எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அது இங்கே முக்கியமும் இல்லை.

ஆர்.கே.பேட்டை தெரியாதவர்களுக்கு: திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். ஆந்திர எல்லை பக்கத்திலேயே. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று சுற்றிலும் நெசவு ஊர்கள். தெருவில் நடந்தால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். நிறைய வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், பள்ளியில் தமிழ் படிப்பார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை எட்டாம் வகுப்புக்கு 'கோடிங் என்றால் என்ன' சொல்லித்தருவது. 40 நிமிஷம், 22 ஸ்லைடு. ஐந்தாவது ஸ்லைடில் கேட்டேன்: "கம்ப்யூட்டருக்கு நாம எப்படிக் கட்டளை கொடுக்குறோம்?"

மூணாவது வரிசையில் ஒரு பொண்ணு எழுந்தாள். "சார், எங்க அப்பா தறியில அட்டை இருக்கு. ஓட்டை இருந்தா அந்த நூல் மேல போகும், இல்லாட்டி போகாது. அந்த மாதிரியா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ம்ம், கிட்டத்தட்ட அப்படித்தான்மா." சொல்லிவிட்டு ஆறாவது ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது வேனில்தான் உறைத்தது. அவள் சொன்னது ஜக்கார்டு அட்டை. 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய தறி, ஓட்டை போட்ட அட்டைகளைப் படித்துத் தானாகவே டிசைன் நெய்தது. அந்த யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டையை வைத்தே எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, பிறகு ஐபிஎம் ஆனது. அதாவது என் தொழிலோட வரலாற்றில் முதல் அத்தியாயத்தை அந்தப் பொண்ணு எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் அதைக் காதில் வாங்காமல் ஸ்லைடைத் தள்ளிவிட்டேன். ஏன்னா அது என் பட்டியலில் இல்லை.

கிளம்பும்போது தலைமை ஆசிரியையிடம் மரியாதைக்குக் கேட்டேன்: "வேற ஏதாவது வேணுமா மேடம்?"

அவர் சிரித்தார். "கேட்டதே சந்தோஷம் தம்பி. பெயிண்ட் மட்டும் வேண்டாம். இந்த வருஷத்துல இந்தச் சுவத்துக்கு இது மூணாவது பெயிண்ட்." அப்புறம் மேசையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் காட்டினார். போர் மோட்டார் ரிப்பேர். பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளோடு வாரம் ஒருநாள் உட்கார ஒரு ஆள். இப்படி ஒன்பது வரி. எங்க வேன் கொண்டுபோனதில் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த நோட்டுதான் இந்த எபிசோடு. பள்ளிக்கு வெளியிலிருந்து உதவி வரும்போது, என்ன உதவி என்று யார் முடிவு செய்வது? நம்ம ஊரில் இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கு.

பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி

'கம்பெனி பள்ளிக்கு உதவுறது' புதுசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் மில்களை, அதாவது நாம பின்னி மில் என்று சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே மில் நிர்வாகம் நடத்திய பள்ளி இருந்தது.

கேட்க நல்லா இருக்கு இல்ல? யாருக்காக என்று பார்த்தால்தான் சிக்கல். அதே மில்லில் வேலை செய்த பிள்ளைகளுக்காக. 1891 தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குக் கீழே இருப்பவர்களை வேலைக்கு எடுக்கக்கூடாது என்றது. 9 முதல் 14 வரை ஒரு நாளைக்கு 7 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றது. 1911-ல் வந்த சட்டம் துணி மில்களில் அதை 6 மணி நேரமாகக் குறைத்தது. குறைந்தபட்ச வயது 12 ஆனது 1922-ல்தான். இந்தப் பிள்ளைகளை 'ஹாஃப் டைமர்' என்று சொன்னார்கள். பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி.

அந்தப் பள்ளியால் பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன தேவை, எத்தனை மணி நேரம் தேவை என்ற பட்டியல் மில்லின் ஷிப்ட்டிலிருந்து பிறந்தது.

இந்த 'பாதி நாள்' யோசனை அதோடு போகவில்லை. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை 3 மணி நேரமாக்கியது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. எதிர்த்தவர்கள் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. நெசவு ஊரில் நின்று யோசித்தால் இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. அந்த மூணாவது வரிசைப் பொண்ணு மதியத்துக்கு மேல் எங்கே இருந்திருப்பாள் என்கிற விஷயம்.

கடம்பத்தூர், 1958

இப்போ எனக்குப் பிடித்த பகுதி.

சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் பக்கம் போகிற ரயில் ஏறினால், திருவள்ளூர் தாண்டி ஏகாட்டூர், அடுத்தது கடம்பத்தூர். நம்மில் பல பேர் அந்த போர்டை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம். தமிழ்நாட்டின் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958-ல் அங்கேதான் தொடங்கியது. அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம்.

பின்னணி இதுதான். காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் வேகமாகப் பெருகின. பள்ளி இருக்கு, ஆனால் கூரை ஒழுகுது, கரும்பலகை இல்லை, உட்காரப் பலகை இல்லை. அரசிடம் அவ்வளவு பணமும் இல்லை. அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. அவர் காலத்தில் உருவான நடைமுறை ரொம்ப எளிமையானது. முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று பட்டியல் போடுவது. பிறகு ஊரைக் கூட்டுவது. நாற்காலி யார் தர்றீங்க, சுண்ணாம்பு அடிக்கிற செலவு யாரோடது, கட்டடத்துக்கு இடம் யார் கொடுக்கிறது என்று கேட்பது. ஏற்றுக்கொண்டதை மாநாட்டில் எல்லார் முன்னாலும் சொல்லவைப்பது.

ஒரு சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு இதில் பிடித்தது வரிசை. முதலில் தேவை, பிறகு கொடை. கடம்பத்தூருக்குப் பிறகு மாநிலம் முழுக்க இப்படி மாநாடுகள் நடந்தன. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புக்குப் பொருளும் இடமும் உழைப்பும் பள்ளிகளுக்கு வந்தன.

ஒரு சின்ன விஷயம். கடம்பத்தூரில் இது தொடங்கியபோது ஆர்.கே.பேட்டை நம்ம மாநிலத்திலேயே இல்லை. திருத்தணிப் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டதற்கும், வாசிப்புக்கு ஒரு ஆள் வேணும் என்று தலைமை ஆசிரியை எழுதிவைத்ததற்கும் பின்னால் இந்த வரலாறும் இருக்கு. நாங்கள் ஒட்டிவிட்டு வந்த போஸ்டர்களோ இங்கிலீஷில் இருந்தன.

அந்த 4 பைசா

ஆனால் 1958-ஐப் பொற்காலமாக்கிவிட்டு இந்த எபிசோடை முடித்தால் அது ஏமாற்று வேலை.

மதிய உணவை எடுத்துக்கொள்வோம். 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடிவெடுத்தது. தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. 1956-ல் காமராஜர் காலத்து மதிய உணவு ஊர்மக்கள் நன்கொடையில் தொடங்கியது. பிறகு அரசும் பங்கு சேர்ந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கு: அரசு 6, ஊர் 4.

இந்தக் கணக்கை ஒரு நிமிஷம் பாருங்க. வசதியான ஊர் 4 பைசாவைச் சுலபமாகக் கொடுத்துவிடும். பஞ்சத்தில் இருக்கிற ஊர்? அங்கேதான் பிள்ளைகளுக்குப் பசி அதிகம், அங்கேதான் 4 பைசா கிடைப்பது கஷ்டம். நன்கொடையின் அடிப்படைக் கோளாறு இது. தேவை அதிகமாக இருக்கும் இடத்தில் அது குறைவாகக் கிடைக்கும். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி அரசுப் பொறுப்பாகவே அதை விரித்ததற்கு இதனால்தான் இவ்வளவு முக்கியத்துவம். சோறு என்பது கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது இல்லை என்று ஆனது.

கம்பெனி உதவிக்கும் இதே கோளாறு உண்டு. ரோட்டோரப் பள்ளிக்கு மூணு பெயிண்ட். வேன் உள்ளே போக முடியாத பள்ளிக்கு ஒன்றுமில்லை.

2 சதவீதமும் பூஜ்யமும்

சரி, இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் தொட்ட கம்பெனிகள், முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நாம சிஎஸ்ஆர் என்று சொல்வது இதைத்தான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. 2016 ஜனவரியில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் கொடுத்த விளக்கம் இது: ஊழியர்கள் பங்கெடுப்பதை ஊக்குவிக்கலாம், ஆனால் அவர்கள் தன்னார்வமாகக் கொடுக்கும் நேரத்தைப் பணமாக்கி அந்தச் செலவில் கணக்குக் காட்ட முடியாது.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பெயிண்ட் டப்பாவுக்கு மதிப்பு உண்டு, என் சனிக்கிழமைக்கு மதிப்பு பூஜ்யமா? பிறகு யோசித்தால், இது நல்லதுதான். என் நேரம் யாருடைய கணக்கிலும் ஏறாது என்றால், அது யாருடைய ரிப்போர்ட்டுக்காகவும் இருக்கத் தேவையில்லை. போட்டோ வேண்டாம், டி-ஷர்ட் வேண்டாம். அந்த நோட்டில் இருக்கிற ஒரு வரியை எடுத்துக்கொண்டால் போதும்.

நோட்டு யாரோடது?

அப்படியானால் பட்டியலை எழுதும் உரிமை யாருக்கு? இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கு. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. அதாவது ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் ஒரு அம்மாவுக்கு அந்த நோட்டில் எழுத உரிமை உண்டு. எங்க வேனுக்கு இல்லை.

2022 டிசம்பர் 19-ல் தமிழ்நாடு அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. வேணு சீனிவாசன் அதன் அமைப்புக்குத் தலைவர். விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத் தூதர். கம்பெனியோ முன்னாள் மாணவரோ ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் தேவைக்குப் பணம் கொடுக்கலாம். எனக்கு இது கடம்பத்தூர் பட்டியலின் ஆன்லைன் பதிப்பாகத்தான் தெரிகிறது. இதன் வெற்றி, அந்தப் பட்டியலை உண்மையில் யார் நிரப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கடைசியாக ஒன்று. மூணு மாசம் தள்ளிப்போட்டு, ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, திருத்தணி ரயிலில் தனியாகப் போனேன். கடம்பத்தூர் போர்டு வந்தபோது எழுந்து கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். சாதாரண ஸ்டேஷன். அங்கே இப்படி ஒன்று நடந்தது என்று காட்டும் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பள்ளியில் நோட்டைத் திரும்பக் கேட்டேன். தாழ்ப்பாள் வரியை யாரோ ஊர்க்காரர் முடித்துவிட்டார். மேலே கோடு போட்டிருந்தது. மோட்டார் இன்னும் பாக்கி. வாசிப்பு வரியும் பாக்கி. அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதச் சொன்னேன். தலைமை ஆசிரியை உடனே எழுதவில்லை. "நாலு வாரம் வாங்க தம்பி, அப்புறம் எழுதுறேன்" என்றார்.

நியாயம்தானே. இதுவரை இரண்டு வாரம் ஆச்சு. மூணாவது வரிசைப் பொண்ணிடம், அப்பா தறியில் கழித்துப்போட்ட அட்டை ஒன்று இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். அடுத்த வகுப்பை அவள்தான் எடுக்கப்போறாள்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. உங்க ஆபீஸ்ல வாலண்டியர் டே வந்தா, பெயிண்ட் வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளிக்கு ஒரு போன் பண்ணி, "உங்க நோட்டுல என்ன இருக்கு?"ன்னு கேளுங்க.