பேர் நோர்கோர்

பேர் நோர்கோர் (13 ஜூலை 1932 – 28 மே 2025) டென்மார்க்கைச் சேர்ந்த செவ்வியல் இசையமைப்பாளர். இசைக் கோட்பாட்டாளர், ஆசிரியர். 8 சிம்பொனிகள், 10 நரம்பிசை நால்வர் படைப்புகள், ஓப்பராக்கள், கான்செர்ட்டோக்கள், சேர்ந்திசைப் பாடல்கள் எனப் பெரும் படைப்புத் தொகுதியை விட்டுச்சென்றார். கார்ல் நீல்சனுக்குப் பின் வந்த டேனிஷ் இசையமைப்பாளர்களில் தலையாயவராகப் பலரும் அவரைக் கருதுகின்றனர். சிறு விதி ஒன்றிலிருந்து முடிவின்றி வளரும் 'முடிவிலித் தொடர்' அவரது புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து அந்த ஒழுங்கை முழுமைப்படுத்திய அவரே பின்னர் அதை உடைத்துக்கொண்டு வெளியேறினார். அவரது இசை வாழ்வு இந்த இரு கட்டங்களுக்கும் இடையில் திரும்புகிறது.

இளமையும் கல்வியும்

நோர்கோர் கோபன்ஹேகனை அடுத்த கென்டோஃப்டில் பிறந்தார். பதினேழாம் வயதில் இசையமைப்பாளர் வான் ஹோல்ம்போவிடம் தனிப்பாடம் கற்கத் தொடங்கி, பின்னர் கோபன்ஹேகன் அரச இசைக் கல்லூரியில் பயின்றார். சிறு கருவொன்று தன் வடிவத்தை மாற்றிக்கொண்டே படைப்பு முழுவதையும் உருவாக்கும் முறையை ஹோல்ம்போ வழியாக அறிந்தார். அந்த முறையின் ஊற்றை ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபெலியஸிடம் கண்டு, 1954இல் அவருக்குக் கடிதம் எழுதினார். முதியவரான சிபெலியஸ் பதிலும் எழுதினார். 'சின்ஃபோனியா அவுஸ்டெரா' எனும் முதல் சிம்பொனி (1953–55) இந்த வடபுல மரபில் வேர்விட்டது.

1956–57இல் பாரிஸ் சென்று நாடியா புலான்ஜேயிடம் பயின்றார். திரும்பியபின் ஓடென்ஸ, கோபன்ஹேகன் இசைக் கல்லூரிகளில் கற்பித்தார். 1965 முதல் ஆர்ஹூஸ் கல்லூரியில் பணியாற்றினார். ஹான்ஸ் ஆப்ரஹாம்சன், பென்ட் சோரன்சன் ஆகியோர் அவரது மாணவர்கள்.

முடிவிலித் தொடர்

1960ஐ ஒட்டி நோர்கோர் இத்தொடரைக் கண்டறிந்தார். தொடக்கச் சுரத்தை 0 என்றும், அரைச்சுரம் மேலேறுவதை 1 என்றும் கொண்டால், தொடர் 0, 1, −1, 2, 1, 0, −2, 3 என்று செல்லும். முதல் இரு சுரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தலைகீழாக்கியும் நேராகவும் சேர்த்து அடுத்த இரு சுரங்கள் பெறப்படுகின்றன. இவ்வாறே ஒவ்வோர் இடைவெளியும் மேலும் இரண்டைப் பிறப்பிக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுரங்களை எடுத்தால் அதே மெட்டு தலைகீழாகக் கிடைக்கும். நான்கில் ஒன்றாக எடுத்தால் மூல மெட்டே நான்கு மடங்கு மெதுவாக ஒலிக்கும். பெரிய இலைக்குள் அதே வடிவில் சிற்றிலைகள் கொண்ட பெரணிச் செடியைப் போல, முழுமையின் உருவம் பகுதியிலும் காணப்படுகிறது. கணிதர்கள் முழு எண் தொடர்களுக்காகத் தொகுத்த இணையக் கலைக்களஞ்சியத்திலும் இது இடம்பெற்றுள்ளது.

'பொன்திரைக்குள் பயணம்' (1968) எனும் சிற்றிசைக்குழுப் படைப்பின் இரண்டாம் பகுதி, தொடரின் முதல் 1,024 சுரங்களைக் கொண்டது. இரண்டாம் சிம்பொனி (1970) அதை 4,096 சுரங்கள்வரை விரித்தது. மெட்டுக்கு முடிவிலித் தொடர், தாளத்துக்குப் பொன்விகிதம், சுர இசைவுக்கு மேற்சுர வரிசை என மூன்றும் ஒன்றுகூடியது மூன்றாம் சிம்பொனியில் (1972–75). இரு பகுதிகளாலான அதன் இறுதியில் சேர்ந்திசைக் குழு ரில்கேயின் கவிதையைப் பாடுகிறது. டென்மார்க் அரசு 2006இல் வெளியிட்ட பண்பாட்டுத் தெரிவுப் பட்டியலில் இச்சிம்பொனி உள்ளது.

ஒழுங்கின் உடைவு

1979இல் டென்மார்க்கின் லூயிசியானா அருங்காட்சியகத்தில், சுவிஸ் கலைஞர் அடோல்ஃப் வோல்ஃப்லியின் (1864–1930) ஓவியங்களை நோர்கோர் கண்டார். பெர்ன் நகர மனநலக் காப்பகத்தில் பல்லாண்டுகள் அடைபட்டிருந்தவர் வோல்ஃப்லி. எழுத்தும் ஓவியமும் இசைக்குறிகளும் கலந்த பக்கங்களை ஆயிரக்கணக்கில் படைத்தவர். அமைதியிலிருந்து பெருங்குழப்பத்துக்குத் திடீரெனத் தாவும் அவ்வுலகம் நோர்கோரின் இசையையும் மாற்றியது. 'குழந்தையைப் போல' எனும் சேர்ந்திசைப் படைப்பு, நான்காம் சிம்பொனி (1981), வோல்ஃப்லியின் வாழ்வையே கருவாகக் கொண்ட ஓப்பரா 'தெய்வீகக் கேளிக்கைப் பூங்கா' ஆகியவை அம்மாற்றத்தின் விளைவுகள்.

புத்தரின் இளமையைச் சொல்லும் 'சித்தார்த்தா' ஓப்பரா (1974–79) இதே திருப்பத்தின்போது நிறைவுற்றது. மூப்பும் சாவும் மறைக்கப்பட்ட அரண்மனையைவிட்டு இளவரசன் வெளியேறும் அக்கதை, தன் ஒழுங்கைவிட்டு வெளியேற அந்நாளில் நோர்கோர் எடுத்த முடிவுக்கும் பொருந்துகிறது.

ஆயினும் அவர் பழைய தொடரை முற்றிலும் கைவிடவில்லை. தாளக்கலைஞர் கெர்ட் மோர்டன்சனுக்காக எழுதிய 'ஈ சிங்' (1982), அதே பெயருடைய சீனப் பழநூலின் நான்கு குறிகளை நான்கு பகுதிகளாக்கியது. பின்னாள் படைப்புகளில் வெவ்வேறு காலப்பிரமாணங்கள் ஒரே நேரத்தில் அருகருகே ஓடுகின்றன. ஆஸ்கர் விருது பெற்ற 'பாபெட்டின் விருந்து' (1987) திரைப்படத்துக்கும் இசையமைத்தார்.

அங்கீகாரம்

'கில்காமேஷ்' ஓப்பராவுக்கு 1974இல் நோர்டிக் கவுன்சில் இசைப் பரிசு கிடைத்தது. லெயோனி சோன்னிங் பரிசு (1996), எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் இசைப் பரிசு (2016) ஆகியவற்றையும் பெற்றார். எட்டாம் சிம்பொனி 2012இல் ஹெல்சின்கியில் அரங்கேறியது. பின்னர் சக்காரி ஓரமோ தலைமையில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் அதையும் முதல் சிம்பொனியையும் ஒரே இசைத்தட்டில் பதிவுசெய்தது. இடையிலுள்ள அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தேடலை அளந்தறிய விரும்புவோர்க்கு அப்பதிவு ஏற்ற தொடக்கம்.