மடியில் ஒரு பிரயாணி

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில், நூம்பல் என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கருமாரியம்மன் கோயில் கொண்ட திருவேற்காடு அடுத்த ஊர். அதே நெடுஞ்சாலையில் மேற்கே போய்ப் பூந்தமல்லியைத் தாண்டினால், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் பழஞ்சூரில், 2003-ஆம் ஆண்டு தொடங்கிய குயின்ஸ்லாண்ட் கேளிக்கைப் பூங்கா. தென்கிழக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். மொட்டை மாடியில் நின்றால், தெற்கு வானத்தில் விமானம் தாழ்ந்து இறங்குவதைப் பார்க்கலாம்.

கோயில், பூங்கா, ஆகாய விமானம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் சச்சரவும் உண்டு. வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கோடை விடுமுறை வருகிறது. விமானம் ஏறி எங்கேயாவது ஒரு பெரிய பூங்காவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று மருமகள் ஆசைப்படுகிறாள்.

"பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டா? அதற்கு என்னம்மா தெரியும்?" என்கிறாள் மாமியார்.

"அடுத்த மாதம் திருவேற்காட்டில் மொட்டை போடப் போகிறோமே அத்தை, அது மட்டும் அதற்குத் தெரியுமா?" என்கிறாள் மருமகள்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மருமகள் கேட்டது சாமானியமான கேள்வி அல்ல. குழந்தைக்கு இரண்டுமே ஞாபகம் இருக்கப் போவதில்லை. அப்படியிருக்க ஒன்று நியாயமாகவும் மற்றது அதிகப்பிரசங்கித்தனமாகவும் ஏன் தோன்றுகிறது? பழைய பிரயாணம் கைக்குழந்தையை எப்படி நடத்தியது, புதிய பிரயாணம் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் கொஞ்சம் விளங்கும்.

நம் திருவிழாக்களில் கைக்குழந்தை கூட வந்த சாமான் அல்ல. கிளம்பியதற்கே அதுதான் காரணம். முதல் மொட்டை, காது குத்தல், நேர்த்திக்கடன் எல்லாம் அதற்காகத்தான். அம்மன் கோயில்களில் கரும்புத் தொட்டில் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரும்புக் கட்டில் புடைவையைத் தூளியாகக் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். கூட்டம் ஒதுங்கி வழி விடும். கைக்குழந்தைக்கென்றே ஏற்பட்ட சவாரி உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் அபிப்பிராயம். பக்கத்தில் சுற்றும் குடை ராட்டினம் பெரிய பிள்ளைகளுக்கு. கைக்குழந்தைக்குத் தாய் தகப்பன் தோளே ராட்டினம்.

இப்படிச் சொல்வதால் அந்தக் காலத்தைத் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் காலரா பரவியதும், அம்மை போட்ட குழந்தைகளுக்காக அதே அம்மனிடம் தாய்மார் மடிப்பிச்சை கேட்டதும் அந்தக் காலத்தின் சமாசாரம்தான். பெரியம்மை இந்தியாவை விட்டு ஒழிந்ததாக 1977-ல்தான் அறிவித்தார்கள்.

பிறகு ரயில் வந்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை நூம்பலுக்கு வடக்கே, ஆவடி வழியாகத்தான் போகிறது. ரயிலைக் கட்டியவர்கள் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றெல்லாம் பிரித்து யோசித்தார்களே தவிர, தொட்டில் வகுப்பு என்று ஒன்றை யோசிக்கவில்லை. நம் பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. மேல் பலகைச் சங்கிலியில் பழைய புடைவையைக் கட்டித் தூளி போட்டுவிட்டார்கள். இன்ஜினே ஆட்டி விடும் தூளி! இந்திய ரயில்வே கைக்குழந்தைக்கென்று ஒரு படுக்கை போட்டுப் பார்த்தது 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். லக்னோ மெயிலில், கீழ்ப் படுக்கையை ஒட்டி மடக்கி விரிக்கும் ஒரு சின்னப் பலகை. புடைவைக்கும் பலகைக்கும் நடுவே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆகாய விமானத்தின் கதையோ இன்னும் வேடிக்கை. சென்னையில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர். சிம்ப்சன் கம்பெனியில் விமானத்தைச் செய்வித்து, 1910-ல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1932 அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அந்தத் தபாலை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். நம் நாட்டு விமானத்தில் ஒழுங்காகப் பிரயாணம் செய்யத் தொடங்கிய முதல் பிரயாணி கடிதம்தான். கடிதத்துக்குப் பசிக்காது, காது வலிக்காது, அழவும் தெரியாது.

1953 ஆகஸ்டில் எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தபோது அதனிடம் 99 விமானங்கள் இருந்தன. அவற்றில் 74 டக்கோட்டா. டக்கோட்டா நல்ல உழைப்பாளி. ஆனால் அதன் உட்புறத்தில் காற்றழுத்தத்தைச் சமன்படுத்தும் ஏற்பாடு கிடையாது. மலை ஏறினால் காது அடைப்பது போல், ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக்கொள்ளும். அதனால் பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் ஏந்தி வருவாள். பஞ்சு இரைச்சலுக்கு. மிட்டாய் ஏதோ உபசாரம் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது மருந்து. நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது. எச்சில் விழுங்கும் போதெல்லாம் அது திறந்து, உள்ளே இருக்கும் காற்றையும் வெளிக் காற்றையும் சரிசெய்கிறது. மிட்டாய் வாயில் இருந்தால் அடிக்கடி விழுங்குவோம், அவ்வளவுதான் ரகசியம்.

கைக்குழந்தைக்கு அந்தக் குழல் இன்னும் ஒடுக்கம். மிட்டாயும் கொடுக்க முடியாது. இன்றைக்கு ஜெட் விமானங்களில் அழுத்தத்தைச் சமன்படுத்துகிறார்கள் என்றாலும், உள்ளே இருப்பது தரைமட்டத்துக் காற்று அல்ல. ஏறக்குறைய ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயரத்து மலைவாசஸ்தலத்துக் காற்று. ஆகவே குழந்தைக்கு வைத்தியம் ஒன்றுதான்: ஏறும்போது பால் கொடு, இறங்கும்போதும் பால் கொடு. ஏறுவதைக் காட்டிலும் இறங்கும்போதுதான் வலி அதிகம். இறங்க ஆரம்பிக்கும் நேரத்தில் தூங்கும் குழந்தையைத் தாய் எழுப்பிப் பால் கொடுப்பதைப் பார்த்து, "தூங்குகிறதை எழுப்புவாளோ?" என்று பின் ஸீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். அவள் செய்வதுதான் சரி. இத்தனை கோடி ரூபாய் யந்திரத்தில் அந்தக் குழந்தையின் காதுக்கு நல்ல கருவி தாயின் முலைதான் என்பதை விஞ்ஞானிகள் மாற்ற முடியவில்லை.

சரி, குழந்தைக்கு ஸீட் உண்டா? இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் பிரயாணம் செய்யலாம் என்பது உலகெங்கும் வழக்கம். வெளிநாட்டு விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குவது பழைய ஏற்பாடு. பெரிய விமானங்களில் முன் தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு குட்டித் தொட்டில் மாட்டித் தருவார்கள். உள்நாட்டுச் சிறு விமானங்களில் அதுவும் பெரும்பாலும் கிடையாது. தாயின் பெல்ட்டோடு கோத்துக்கொள்ள ஒரு சின்ன பெல்ட் மட்டும் கிடைக்கும். மலிவாயிற்றே என்று சந்தோஷப்படுகிறோம். இந்த மலிவுக்குள் ஒரு துயரமான கதை இருக்கிறது.

1989 ஜூலை 19. அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன யுனைடெட் கம்பெனி விமானத்தின் வால் பக்கத்து இன்ஜின் நடுவானில் சிதறி, விமானத்தைத் திருப்பும் வசதிகள் எல்லாம் செயலற்றுப் போயின. உள்ளே 296 பேர். பைலட்டுகள் அரும்பாடு பட்டு ஸூ சிட்டி என்னும் ஊரில் இறக்கினார்கள். இறக்கினார்கள் என்றா சொன்னேன்? மோதி, உடைந்து, தீப்பிடித்தது. அதில் மடிக் குழந்தைகள் நான்கு. இறங்குவதற்கு முன் அந்தக் குழந்தைகளை என்ன செய்வது? கையேட்டில் இருந்தபடி, போர்வை மெத்தை வைத்துத் தரையில், காலடியில் கிடத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன். பெரியவர்களுக்கெல்லாம் பெல்ட், பெண்களின் கைப்பைக்குக்கூட ஸீட்டுக்கு அடியில் இடம். குழந்தைக்குத் தரை. எந்தத் தாயின் கையும் அந்த அதிர்ச்சியில் நிற்காது.

184 பேர் பிழைத்தார்கள். புகைக்குள் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டு, வெளியே தப்பி வந்த பிரயாணி ஒருவர் திரும்ப உள்ளே நுழைந்து அதை எடுத்து வந்தார். இன்னொரு ஆண் குழந்தை, இரண்டு வயது நிறையாதவன், பிழைக்கவில்லை. வெளியே நின்ற ஜான் பிரௌன், பிள்ளையைத் தேடித் திரும்ப உள்ளே ஓடப் பார்த்த தாயைத் தடுக்க வேண்டியிருந்தது. தரையில் வைக்கச் சொன்னது நீதானே என்ற தாயின் பார்வைக்கு எதிரில் அவர் நிற்கவும் வேண்டியிருந்தது. அதன் பிறகு, குழந்தைக்கும் தனி ஸீட்டும் கட்டும் கட்டாயமாக வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடினார் அவர். விபத்துக்களை விசாரிக்கும் வாரியமும் அதையே சிபாரிசு செய்தது. விமானத் துறை கேட்கவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: குழந்தைக்கும் முழு டிக்கெட் என்றால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போவார்கள், சாலையில் சாகும் குழந்தைகள் இன்னும் அதிகமாகிவிடும். கணக்கு பொய்யல்ல. நம் பெங்களூர் சாலையை அறிந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாயிடம் போய் இந்தக் கணக்கைப் படித்துக் காட்ட யாருக்குத் தைரியம் வரும்?

விமானம் இப்படி. கேளிக்கைப் பூங்கா எப்படி என்று பார்ப்போம்.

இதன் மூலபுருஷர் வால்ட் டிஸ்னி. அவர் சனிக்கிழமைகளில் தம் இரண்டு பெண்களையும் லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப் போவார். பெண்கள் குடை ராட்டினத்தில் சுற்றுவார்கள். தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் இருக்கக் கூடாதா என்ற யோசனை அந்த பெஞ்சில்தான் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ஆம் தேதி டிஸ்னிலாண்ட் திறந்தது. (அதே வருஷம் ஜனவரியில்தான் நூம்பலுக்கு வடக்கே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. உலகம் எத்தனை விதம்!) திறந்த அன்று கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, ஸ்திரீகளின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. அன்று கைக்குழந்தையோடு போனவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

நம் நாட்டில் டில்லியில் அப்பு கர் 1984-ல் வந்தது. அதே வருஷம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தை எடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிய குழந்தைகளைத் தியேட்டரில் கை நீட்ட வைத்த நவோதயா அப்பச்சன், 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். பிறகு பழஞ்சூரில் குயின்ஸ்லாண்ட். எந்தப் பூங்காவானாலும் ஒரு சமாசாரம் பொது. ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். இந்தக் கோட்டுக்கு மேல் தலை இருந்தால்தான் அனுமதி. நிற்கவே தெரியாத குழந்தையை எங்கே அளப்பது? அதற்கு டிக்கெட் வாங்க மாட்டார்கள்; கூட யாராவது ஒருவர் வெளியே இருக்க வேண்டும்.

எங்கே இருப்பார்? பெஞ்சில்தான்! பெற்றவர்களை பெஞ்சிலிருந்து எழுப்புவதற்காகக் கட்டிய இடத்தில், கைக்குழந்தை வந்தவுடன் பெஞ்சும் வந்துவிடுகிறது. அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தாய், அல்லது பாட்டி. இளந் தகப்பனார் தண்ணீர்ச் சறுக்கில் வழுக்கிக்கொண்டு வந்து கையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஏறப் போவார். டிஸ்னி பூங்காக்களில் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே நிற்கலாம். மற்றவர் சவாரி முடிந்து வந்ததும், நின்றவர் மறுபடி கியூவில் காத்திருக்காமல் ஏறலாம். சின்ன ஏற்பாடு, ஆனால் மனிதர் யோசித்த ஏற்பாடு. நம் ஊரில் அதற்கு அச்சடித்த சீட்டு வேண்டாம். தகப்பனார் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ போய்விட்டு வா" என்றால் போதும்.

நம் மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு இது பிரசவத்துக்குப் பிறகு முதல் வெளிப் பிரயாணம். ஐந்து மாதமாக நாலு சுவருக்குள் இருந்தவள். பூங்கா குழந்தைக்கு அல்ல, அவளுக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. குழந்தையின் பெயரைச் சொல்கிறாள். கரும்புத் தொட்டில் காலத்துப் பெண்களும் அப்படித்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். நேர்த்திக்கடன் குழந்தையின் பெயரில். வண்டி கட்டிக்கொண்டு வெளியே வந்து, வளையல் கடை பார்த்து, பிறந்த வீட்டு மனிதர்களைக் கண்டு நாலு வார்த்தை பேசிய சந்தோஷம் அவர்களுடையது. மாமியார் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் அவருக்கே ஞாபகம் வரலாம்.

போவதானால் அவளுக்கு வேண்டிய சௌகரியங்கள் கொஞ்சம்தான். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்கிறார்கள் வைத்தியர்கள். சித்திரை வெயிலில் அந்தப் பால் சுரக்க அவள்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அலைக் குளத்தில் குழந்தையை இறக்க வேண்டாம். நிழல் வேண்டும். பால் கொடுக்க ஒரு மறைவிடம் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும், ஆகாய விமானத்தையும் ராட்டினத்தையும் முந்திக்கொண்டது நம் பஸ் ஸ்டாண்டு. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு 352 பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. கதவு, நாற்காலி, மின்விசிறி. சில ஊர்களில் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை என்ற புகார்களும் பின்னால் வந்தன. பூட்டியிருந்தால் டைம்கீப்பர் அறையில் போய்ச் சாவி கேளுங்கள். மருமகள் அல்ல, கூடப் போகும் தகப்பனார்.