புது பிரேக் பேட் போட்டதும் ஸ்போர்ட் ரிம் உரசுவது ஏன்?

பழைய ஸ்போர்ட் ரிம் நான்கை மலிவாக வாங்கிக் காரில் மாட்டிக்கொள்வோர் பலர். மாதக்கணக்கில் ஓட்டியும் தொல்லை இருக்காது. பிறகு ஒரு நாள் முன் பிரேக் பேட்டை மாற்றுவார்கள். பட்டறையை விட்டு வெளியேறும்போதே சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம் வரும். உடனே பழி மெக்கானிக்கின் தலையில் விழும். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான்.

மைவி, சாகா போன்ற கார்களின் முன் பிரேக்கில் இருப்பது பக்கவாட்டில் நகரும் காலிப்பர். வெளிப்பக்க பேட் தேயத் தேய அதுவும் காரின் உட்புறமாக நகர்ந்துகொண்டே போகும். புதிய பேட்டின் தடிமன் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். மாற்றும் நேரத்தில் அது 3 மில்லிமீட்டராகக் குறைந்திருக்கலாம். புதியது ஏறியதும் காலிப்பர் அந்த 7 மில்லிமீட்டரும் வெளியே வந்து, ரிம்மின் ஸ்போக் எனப்படும் ஆரக்கால்களை நெருங்கிவிடும். தேய்ந்த பேட்டோடு ரிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டு 'பொருந்துகிறது' என்று பணம் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

ரிம்மின் அங்குல அளவும் இதில் முழுமையாகக் கைகொடுக்காது. 14 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். உள்ளே காலிப்பருக்குக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு, ரிம்முக்கு ரிம் அது மாறும். 'ஈடி' என்று ரிம்மில் பொறித்திருக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். அந்த எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

சரிபார்க்கப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் போதும். காலிப்பரின் மேற்புறத்திலும் வெளிப்புறத்திலும் அதை ஒட்டி, ரிம்மை மாட்டி, நட்டை முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கழற்றிப் பார்த்தால் நசுங்கிய இடம் இடைவெளியைக் காட்டிவிடும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த ரிம் வேண்டாம். குழியில் விழும்போது ரிம் சற்றே வளையும். தோட்டத்துச் செம்மண் சாலையில் சிறு கல் சிக்கினாலும் வம்புதான். பேலன்சிங் ஈயக் கட்டிகள் உள்ளே ஒட்டப்பட்டிருந்தால் அவற்றின் தடிமனையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆரக்கால் மட்டும் உரசினால் மெல்லிய ஸ்பேசர் உதவும். ஆனால் ஸ்பேசர் போட்டால் நட் பிடிக்கும் அளவு குறையும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், 1.5 மரை என்றால் நட் குறைந்தது 8 முழுச் சுற்றுகள் ஏற வேண்டும். இல்லையேல் நீளமான ஸ்டட் போட்டாக வேண்டும். ரிம்மின் உள்வட்டமே உரசினால் ஸ்பேசரால் பயனில்லை, வேறு ரிம்தான் வழி. "காலிப்பரைக் கொஞ்சம் அரைத்துவிடலாம் தம்பி" என்று சொல்லும் கடையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதே நல்லது. பிரேக்கை மிதிக்கும்போது வரும் முழு அழுத்தத்தையும் தாங்குவது அந்த இரும்புதான்.

ஹாஃப்கட் கடையில் பெரிய பிரேக் வாங்கிப் போடுவோர் மறப்பது ஸ்பேர் டயரை. காரோடு வந்த சிறிய இரும்பு ரிம் பெரிய காலிப்பரின் மேல் ஏறாமல் போகலாம். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகையில், நள்ளிரவு நெடுஞ்சாலையோரத்தில் ஜாக் போட்ட பிறகு அது தெரியவந்தால் இழுவை லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பிரேக் மாற்றிய அன்றே, பட்டறையில் வைத்தே, ஸ்பேர் டயரை முன்பக்கம் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.