வெந்நீர்த் தொட்டி நீரின் இரசாயனச் சமநிலை

வெந்நீர்த் தொட்டி என்பது, நால்வர் ஐவர் ஒருங்கே அமர்ந்து நீராடத் தக்கதாய், 38 முதல் 40 பாகை செல்ஷியஸ் வரை சூடேற்றிய நீரைப் பம்பின் விசையால் வடிகட்டி வழியாகவும், காற்றோடு கலந்து பீறிடும் துளைகள் வழியாகவும் இடைவிடாது சுழலவிடும் ஸ்நானத் தொட்டியாகும். இதன் உற்பத்தியில் பெயர் பெற்ற ஜக்கூஸி குடும்பத்தார் இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிப் பம்புகள் செய்துவந்தவர்கள். அவர்களுள் ஒருவரான காண்டிடோ ஜக்கூஸி, மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் இளம் மகனின் சிகிச்சைக்கென வீட்டுக் குளியல் தொட்டியில் வைக்கத் தக்க நீர்ச்சுழற்சிப் பம்பை அமைத்தார். பம்பும் தொட்டியும் ஒன்றாய் இணைந்த வடிவத்தை 1968இல் அக்குடும்பத்து ராய் ஜக்கூஸி வெளியிட்டார். இன்று மும்பையின் ஹோட்டல்களிலும், உடற்பயிற்சி நிலையங்களிலும், செம்பூர் போன்ற பகுதிகளில் எழும் உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இத்தகைய தொட்டிகள் இடம்பெறுகின்றன.

இயற்கை வெந்நீருக்கும் இத்தொட்டி நீருக்கும் உள்ள வேற்றுமையை அறிய மும்பை வாசிகள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகருக்கு வடக்கே தான்சா நதிக்கரையில் வஜ்ரேஸ்வரி, அக்லோலி, கணேஷ்புரி ஆகிய ஊர்களில் வெந்நீர் ஊற்றுக் குண்டங்கள் உள்ளன. 1739இல் வசை கோட்டையைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா கட்டுவித்த வஜ்ரேஸ்வரி தேவியின் ஆலயத்தையும், 1961இல் சமாதியடைந்த நித்யானந்த சுவாமிகளின் கணேஷ்புரியையும் தரிசிக்கச் செல்லும் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் பலர் அக்குண்டங்களில் நீராடியவர்களே. அங்கே பூமியின் அடியிலிருந்து புது நீர் சுரந்துகொண்டேயிருக்கப் பழைய நீர் வெளியேறிக்கொண்டேயிருப்பதால், நீராடுவோர் விட்டுச் செல்லும் வியர்வையும் எண்ணெயும் ஓரளவு நீரோடு போய்விடுகின்றன. தொட்டியிலோ ஒரே நீர் வாரக்கணக்கில் சூடேறி, காற்றூட்டப்பட்டு, பலருடைய உடலழுக்கையும் ஏற்றுச் சுழன்றுகொண்டிருக்கிறது. ஓட்டம் செய்ய வேண்டிய காரியத்தை இரசாயனத்தால் செய்ய முயல்வதே நீர்ச் சமநிலை பேணுதல் என்பதன் சாரம். தொட்டியின் சூட்டில், கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் விரைந்து அழிவதோடு சுண்ணாம்பும் எளிதில் படிவதால், நீச்சற்குளத்தில் ஒரு வாரத்தில் காணும் மாறுதல் இங்கே ஓரிரு நாளிலேயே நிகழ்ந்துவிடும்.

மும்பையின் நீர். இவ்விஷயத்தில் எழுதப்பட்ட கையேடுகளுட் பல, நிரப்பும் நீர் யாது என்ற வினாவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மும்பையைப் பொறுத்தவரை அதுவே முதல் வினா ஆகும். மாநகராட்சியின் குடிநீர், 1860இல் முடிவுற்ற விஹார், அதன் பின் வந்த துளசி, 1892இன் தான்சா முதல் 2014இன் மத்திய வைதர்ணா ஈறாக ஏழு நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. பாண்டுப், பாஞ்ச்ராபூர் நிலையங்களில் தெளிவிக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டுக் குழாய்களில் அனுப்பப்படுவது. எரிமலைப் பாறைகள் மேல் பெய்த பருவமழை நீராதலின் அது மென்னீர். சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் குறைந்தது. சோறு பொங்கவும் துணி வெளுக்கவும் இதனினும் நல்ல நீர் வாய்ப்பது அரிது. ஆனால் அதே மென்மை வெந்நீர்த் தொட்டிக்குக் குறையாகிறது. தனக்கு வேண்டிய சுண்ணாம்பை நீர், சிமெண்டுப் பூச்சிலிருந்தும் ஓடுகளின் இடுக்குகளிலிருந்தும் கரைத்தெடுக்கிறது, ஹீட்டரின் உலோகத்தை அரிக்கிறது, சிறிது சோப்புப் பட்டாலும் நுரைக்கிறது.

குழாய்நீர் போதாத குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்று நீரையோ டேங்கர் லாரி நீரையோ கலந்து நிரப்பும்போது நிலைமை தலைகீழாகிறது. அந்நீர் பெரும்பாலும் கடின நீர். உப்பங்கழியை அடுத்த இடங்களில் உப்பும் சேர்ந்திருக்கும். கீசர்க் கம்பியின் மேல் வெண்மையாய்ப் படியும் அதே சுண்ணப் படிவு தொட்டி ஹீட்டரிலும் படிந்து மின்சாரச் செலவைப் பெருக்குவதோடு, வடிகட்டியையும் அடைத்துவிடுகிறது. ஆகவே ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களுக்கு ஒரே மருந்துக் கணக்குப் பொருந்துமென்று கொள்வது தவறு.

காரத்தன்மையும் பி.எச். நிலையும். நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். எண் 7.2க்கும் 7.8க்கும் இடையே இருத்தல் வேண்டும். அதைத் தாங்கிநிற்பது மொத்தக் காரத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டு முதலியவற்றின் அளவு. லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை அதற்கு உகந்த பிரமாணம். காரத்தன்மை குறைந்த நீரில் சிறிதளவு அமிலமோ குளோரின் மாத்திரையோ விழுந்தாலும் பி.எச். தாவிக் குதிக்கும், மிகுந்த நீரிலோ எவ்வளவு அமிலம் விட்டாலும் அது மீண்டும் மேலேறும். சமையல் சோடாவே காரத்தன்மையை உயர்த்தும் எளிய பொருள்: ஆயிரம் லிட்டர் நீருக்கு 17 கிராம் சேர்த்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயரும். 1500 லிட்டர் தொட்டியில் 50 மில்லிகிராம் உயர்த்த ஏறக்குறைய 128 கிராம் வேண்டும். மென்னீரால் நிரப்பிய தொட்டிக்கு இதுவே முதற் செலவு. காற்றுப் பீறிடும்போது நீரிலுள்ள கரியமில வாயு வெளியேறுவதால் தொட்டி நீரின் பி.எச். தானாகவே மேலேறும் சுபாவமுடையது. அதைத் தணிக்கச் சோடியம் பைசல்பேட்டைச் சிறிது சிறிதாக நீரில் கரைத்து விடுதல் வேண்டும்.

கடினத்தன்மை. சுண்ணாம்புக் கடினத்தன்மை லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை இருத்தல் நலம். ஏரி நீருக்குக் கால்சியம் குளோரைடு சேர்ப்பதும், கிணற்று நீரின் ஒரு பகுதியை நீக்கி ஏரி நீரைக் கலப்பதும் இதற்குரிய வழிகள். நீர் அரிக்கும் இயல்புடையதா, படியும் இயல்புடையதா என்பதை, பி.எச்., உஷ்ணம், காரத்தன்மை, சுண்ணாம்பு, கரைந்த உப்புகள் ஆகியவற்றை ஒருங்கே கணக்கிட்டு ஒரே எண்ணால் உணர்த்தும் குறியீட்டைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்பிரட் லாங்கிலியர் 1936இல் வகுத்தார். நகரக் குடிநீர்க் குழாய்கள் அரிக்கப்படாமற் காக்கும் பொருட்டு எழுந்த அக்கணக்கு இன்று தொட்டி நீருக்கும் பயன்படுகிறது. அந்த எண் பூஜ்யத்தை ஒட்டியிருப்பின் நீர் சமநிலையில் உள்ளது; குறை எண்ணாயின் அரிக்கும்; மிகை எண்ணாயின் படியும்.

கிருமிநாசினி. குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் அளவு இந்தியத் தரநிர்ணயப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், வெந்நீர்த் தொட்டியிலோ குறைந்தது 3 மில்லிகிராம் இருத்தல் வேண்டும், புரோமினாயின் 4. இந்த எண் சரியாயிருந்தும் நீர் கெட்டுப்போவதுண்டு. காரணம் யாதெனில், குளோரின் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட்டு அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. கிருமியைக் கொல்லும் ஆற்றல் பெரிதும் முன்னதற்கே உரியது. பி.எச். 7.2இல் மூன்றில் இரு பங்கு அவ்வமிலமாய் நிற்கும்; 8ஐ எட்டினாலோ நான்கில் ஒரு பங்கே எஞ்சும். எனவே பி.எச்.ஐ நோக்காது குளோரினை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண் செலவு.

வியர்வை, சிறுநீர், சருமத் தூள் ஆகியவற்றின் நைட்ரஜனோடு சேர்ந்த குளோரின் குளோரமீன் எனப்படும். கண்ணை உறுத்தி மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் நாற்றம்’ உண்மையில் குளோரமீனின் நாற்றமே. ஆதலால் அந்நாற்றம் வீசும் தொட்டியில் குளோரின் மிகுந்துவிட்டதென்று மருந்தை நிறுத்துவது நேர் விபரீதமாகும். அப்போது, குளோரமீனாய்க் கட்டுண்ட குளோரினைப் போலப் பத்து மடங்கு குளோரினை ஒருமுறை சேர்த்து, மூடியைத் திறந்து வைத்து, அளவு தணியும்வரை எவரையும் இறங்கவிடாமல் பம்பை ஓட்டவேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிரைகுளோரோ மாத்திரைகள் சயனூரிக் அமிலத்தை விட்டுச் செல்கின்றன. சூரிய ஒளி படும் நீச்சற்குளத்தில் அது குளோரினைக் காக்கும். மூடிய வெந்நீர்த் தொட்டியிலோ நாளடைவில் திரண்டு குளோரினின் வேகத்தைத் தளர்த்துவதால் அம்மாத்திரைகளைத் தவிர்த்தலே முறை.

அசட்டையின் விளைவு. பளிங்குபோல் தெளிந்த நீரும் நோய் தரக்கூடும் என்பதைப் பராமரிப்போர் மனத்திற் பதித்துக்கொள்ளல் அவசியம். சூடோமோனாஸ் என்னும் கிருமி நீராடிய ஓரிரு நாளில் மயிர்க்கால்தோறும் செந்நிறக் கொப்புளங்களை எழுப்பும். அதனினும் கொடியது லெஜியோனெல்லா. 1976இல் பிலடெல்பியா நகரில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டில் பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோது இக்கிருமி அறியப்பட்டது. வெந்நீர்த் தொட்டியின் சூடு அது பெருகுதற்கு இசைந்தது. குழாய்களின் உட்புறத்தே படியும் வழுவழுப்பான படலம் அதற்குப் புகலிடம். குமிழிகள் உடையும்போது எழும் நுண்துளிகள் அதை நுரையீரலுக்குக் கொண்டுசெல்கின்றன. 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு நீர்ச்சுழற்சித் தொட்டியின் துளிகளைச் சுவாசித்த நூற்றுக்கணக்கானோர் நோயுற்று, அவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தொட்டியில் இறங்காமல் அருகே நடந்து சென்றவர்கள் அவர்கள்.

சோதனையும் பாதுகாப்பும். மாநகராட்சி ஊழியர் குழாய்நீரைச் சோதிக்கும் குளோரோஸ்கோப்பின் மஞ்சள் நிறம் மொத்தக் குளோரினையே காட்டும். தனிக் குளோரினையும் கட்டுண்ட குளோரினையும் பிரித்தறிய, இளஞ்சிவப்பு நிறம் தரும் டி.பி.டி. மாத்திரை முறையே ஏற்றது. முதலில் காரத்தன்மை, அடுத்துப் பி.எச்., பிறகு கடினத்தன்மை, கடைசியில் கிருமிநாசினி என்ற வரிசையில் திருத்துவதே சிக்கனமான வழி, குளோரினையும் பி.எச்.ஐயும் நாள்தோறும் பார்க்கவேண்டும்.

மும்பையின் மழைக்கால ஈரக்காற்றில், வாய் திறந்த ப்ளீச்சிங் பவுடர் சில வாரங்களில் வீரியம் இழக்கும். சென்ற ஆண்டுப் பொட்டலத்தை நம்பி அளவிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். அமிலத்தையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒருபோதும் ஒரே வாளியில் கலக்கலாகாது. நச்சு வாயு எழும். டிரைகுளோரோ மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். 2010 ஜூலையில் சிவ்ரியின் துறைமுகப் பகுதியில் கிடந்த பழைய உருளையிலிருந்து குளோரின் கசிந்து, சுற்றியிருந்தோர் பலர் மருத்துவமனை சேர்ந்ததை நகரம் மறந்திராது.

நீர் மாற்றுதல். எவ்வளவு திருத்தினாலும் கரைந்த உப்புகள் திரண்டுகொண்டே வருவதால் நீரை முழுதும் மாற்றும் நாள் வந்தே தீரும். தொட்டியின் லிட்டர்க் கணக்கைப் பதினொன்றால் வகுத்து, நாளொன்றுக்கு நீராடுவோர் தொகையால் மீண்டும் வகுத்தால் வரும் ஈவு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதைக் காட்டும். நால்வர் நீராடும் 1500 லிட்டர் தொட்டிக்கு அது ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் நகர நீர் வழங்கல் கணக்கின்படி அந்த 1500 லிட்டர் பதினொருவரின் ஒருநாள் நீர். காலையில் சிறிது நேரமே வரும் குழாய்நீரைத் தாராவியின் சந்துகளில் பீப்பாய்களில் பிடித்து வைத்துக் குடும்பம் நடத்துவோர் அதே ஏரிகளின் நீரையே நம்பியிருக்கிறார்கள். ஒழுங்காய்ச் சமநிலை காத்த நீர் தன் முழுத் தவணைக்கும் உழைக்கும்; அசட்டையால் கெட்ட நீரைப் பத்து நாளில் சாக்கடையில் விடும் தொட்டி ஒரு மாதத்தில் மும்மடங்கு நீரை விழுங்கும். வெளியேற்றுமுன் மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் தானே நீங்கும். சோதித்து அது பூஜ்யமெனக் கண்ட பின்னர், அந்நீரைக் கழிப்பறைகளுக்கும் முற்றம் கழுவவும் செலவிடும் ஏற்பாட்டைத் தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடியிருப்புச் சங்கமும் செய்துகொள்ள வேண்டும்.